ஏழாம் வகுப்பு ஆங்கிலம்

விமர்சனம் என்றால் நாவலையும் கவிதையையும் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. இந்த மாதம் நான் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரே பக்கமுள்ள ஒரு தாள். பக்கத்து வீட்டுப் பையன் ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கிறான். ஆங்கில வகுப்பின் விதிமுறைகள் என்று பள்ளிக்கூடத்தில் அச்சடித்துக் கொடுத்த தாளை அவன் தாயார் எடுத்துக்கொண்டு வந்தார்.

"கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள், ஐயா. என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். தாள் முழுவதும் ஆங்கிலம். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரியின் கீழேதான் அவர் கையெழுத்திட வேண்டும்!

விதிகள் மொத்தம் 14. எல்லாமே மோசம் என்று சொல்வது நியாயமாகாது. வாரம் ஒரு கதைப் புத்தகம் படித்து, அதைப் பற்றி வகுப்பில் சொல்ல வேண்டும் என்கிறது ஒரு விதி. அதை எழுதியவருக்குப் படிப்பின் ருசி தெரிந்திருக்கிறது. அகராதி கொண்டுவர வேண்டும் என்பதும் சரிதான். வீட்டுப்பாடம் தாமதமானால் மதிப்பெண் குறையும் என்பது சற்றுக் கடுமை. காரணம் சொல்ல இடம் வைத்திருந்தால் ஒப்புக்கொள்ளலாம்.

என்னால் ஒப்புக்கொள்ள முடியாதவை இரண்டு. வகுப்பில் தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் 5 ரூபாய் அபராதம் என்பது ஒன்று. போன வருஷமும் இந்த விதி இருந்ததாம். "நீ எவ்வளவு கட்டினாய்?" என்று பையனைக் கேட்டேன்.

"ஒன்றுமே கட்டவில்லை, தாத்தா. நான்தான் பேசுவதே இல்லையே!" என்றான் பெருமையாக.

தட்டுத் தடுமாறித்தான் எந்த மொழியும் வரும். பாதி வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மீதிக்கு வழி தெரியாமல் ஒரு தமிழ்ச் சொல்லைப் பையன் பிடித்துக்கொள்கிறான். அவனுக்கு எந்த ஆங்கிலச் சொல் தேவை என்பது ஆசிரியருக்கு அந்த இடத்தில்தான் தெரிகிறது. அங்கே சொல்லைக் கொடுக்காமல் அபராதம் கேட்டால், அடுத்த முறை பாதி வாக்கியமும் வராது.

இன்னொன்று, கரும்பலகையில் எழுதிப்போடும் கட்டுரையைப் பிழையில்லாமல் பார்த்து எழுத வேண்டும் என்பது. பையனின் பழைய நோட்டைப் புரட்டினேன். விடுமுறையில் ஊட்டிக்குப் போய்வந்ததாக அழகாக எழுதியிருந்தான். போனாயா என்று கேட்டேன். "இல்லை, பாட்டி ஊருக்குப் போனேன். வாய்க்காலில் மீன் பிடித்தோம். எல்லோரும் ஊட்டிக்குப் போனதாகத்தான் எழுத வேண்டும்" என்றான். பொய் எழுதிப் பிழைப்பவன் நான். ஆனாலும் என் பொய்யை நானேதான் கற்பனை செய்கிறேன். மீன் பிடித்த கதையை அவன் பத்துப் பிழைகளோடு எழுதியிருந்தால், பத்துப் பாடம் கற்றிருப்பான்.

தாளை நான் தமிழில் படித்து முடித்ததும் அந்த அம்மாள் கேட்டார்: "பையன் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. வாத்தியார் என்ன செய்வார் என்று எங்கே எழுதியிருக்கிறது?"

எங்குமே எழுதியிருக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இந்தத் தவறைச் செய்யவில்லை. பாயிரத்தில் மாணவனுக்கு முன்னால் ஆசிரியரைத்தான் நிறுத்துகிறார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, தராசு, மலர் என்று உவமை சொல்கிறார். ஆசிரியராக இருக்கத் தகாதவர் யார் என்றும் சொல்லிவிட்டு, பாடம் சொல்லும் முறையையும் வகுத்த பிறகுதான் மாணவனிடம் வருகிறார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் குழந்தைகளை உடலாலோ மனத்தாலோ வருத்தக் கூடாது என்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து, தேவையானால் கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் கடமை என்கிறது. இந்தத் தாளை எழுதியவர் இரண்டையும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் பையன்தானே வெளியே நிற்க வேண்டும்? கையெழுத்தின் கீழே, அவர் சொல்லச் சொல்ல, நான் ஒரு வரி தமிழில் எழுதினேன்: 'என் மகனுக்குப் பாடம் புரியாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரிவிக்கவும்.'

பதில் இன்னும் வரவில்லை. தமிழில் எழுதியதற்கு 5 ரூபாய் கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.