மையம் இல்லாத கோலம்

பத்தாம் வகுப்பு படிக்கும்போது பெரம்பலூரில் எங்கள் பள்ளியில் மார்கழிக் கோலப்போட்டி நடந்தது. நான் போட்டது அம்மாவின் கோலம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஏறி மறுபடி ஒன்றுக்கு இறங்கும் நேர்ப்புள்ளி. மொத்தம் 25 புள்ளிகள். எந்தப் புள்ளியையும் தொடாமல், எந்தப் புள்ளியையும் விடாமல் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்துகொள்ளும் ஒற்றைக் கம்பி. நடுவராக வந்த ஓவிய ஆசிரியர் நின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணு எங்க போய் நிக்கணும்? மையம் இல்ல. ஒருமை இல்ல" என்றார். நடுவில் பெரிய தாமரையும் நான்கு மூலைகளில் நான்கு சின்ன மயில்களும் போட்டவளுக்குப் பரிசு போனது. அதுவும் நல்ல கோலம்தான். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் 'ஒருமை' என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. பிறகு ஓவியங்களைப் பார்க்கவும் அவற்றைப் பற்றி எழுதவும் தொடங்கியபோதும் அந்தச் சொல்லோடுதான் திரும்பத் திரும்ப மோத வேண்டியிருந்தது.

ஓவியப் பாடத்தில் ஒருமை என்பது வடிவமைப்பின் அடிப்படை விதி. கோடு, வடிவம், வண்ணம் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் சிதறாமல் ஒரே படமாகக் கண்ணில் விழ வேண்டும். இதில் மறுக்க ஒன்றுமில்லை. இதை அடையப் பல வழிகள் உண்டு. உருவங்களை நெருக்கி வைக்கலாம். ஒரே வடிவத்தை மீண்டும் மீண்டும் இடலாம். ஒரு கோட்டைப் படம் முழுக்கத் தொடரவிடலாம். ஒரு வண்ணத்தின் சாயல்களை எங்கும் பரப்பலாம். இன்னொரு வழி, ஒன்றை முதன்மையாக்கி மற்றவற்றை அதற்கு அடங்க வைப்பது. வகுப்பறைகளில் இந்தக் கடைசி வழியே முழு விதியாகிவிடுகிறது. 'படத்துக்கு ஒரு தலைவன் வேண்டும்' என்று சொல்லியே பிள்ளைகளுக்குப் பென்சிலைக் கொடுக்கிறோம்.

அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டோ 1899இல் வெளியிட்ட 'கம்போசிஷன்' என்ற நூலில் ஐந்து விதிகளைச் சொன்னார்: எதிர்நிலை, இணைப்பு, கீழ்ப்படுத்தல், மீள்வருகை, சமச்சீர். அங்கே கீழ்ப்படுத்தல் ஐந்தில் ஒன்று மட்டுமே. மீள்வருகை அதற்குச் சமமாகவே நிற்கிறது. காமசூத்திரத்துக்கு உரை எழுதிய யசோதரர் ஓவியத்துக்கு ஆறு அங்கங்கள் சொல்கிறார்: உருவ வேறுபாடு, அளவு, பாவம், லாவண்யம், ஒப்புமை, வண்ணக் கலவை. முதன்மை என்று தனியே ஓர் அங்கம் அதில் இல்லை. ஆக, ஒருவர் தலைமையில் மற்றவர் அடங்குவதுதான் ஒருமை என்பது கலையின் இயற்கைச் சட்டம் அல்ல. பல வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். அந்த ஒன்று ஏன் நமக்கு இத்தனை இயல்பாகப் படுகிறது என்பதே என் கேள்வி.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. இலக்கணத்தில் ஒருமை என்றால் பன்மைக்கு எதிர். பேச்சில் 'ஒருமையில் பேசினான்' என்றால் மரியாதை இல்லாமல் பேசினான் என்று பொருள். நம் வீடுகளில் அப்பா 'அவர்', அம்மா 'அவ'. ஒரே மேசையில் சாப்பிட்டாலும் ஒருவர் பன்மையிலும் மற்றவர் ஒருமையிலும் இருக்கிறார்கள். 'குடும்பம் ஒண்ணா இருக்கணும்' என்று சொல்லப்படும்போதெல்லாம் விட்டுக்கொடுக்கச் சொல்லி யார் பக்கம் விரல் நீள்கிறது என்பது நமக்குத் தெரியும். படத்தின் ஒருமைக்கும் வீட்டின் ஒருமைக்கும் இடையில் ஒரு உறவு இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

அரியலூர் மாவட்டத்தில் அந்த உறவைக் கல்லிலேயே பார்க்கலாம். முதலாம் ராஜேந்திரன் கட்டிய கங்கைகொண்டசோழபுரம் கோயிலின் வடக்கு வாசல் படிக்கட்டருகே சண்டேச அனுக்கிரகச் சிற்பம் இருக்கிறது. ஓவியம் இல்லை என்றாலும் ஒரு மாடத்துக்குள் உருவங்களைப் பொருத்தும் கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. பூசைக்கு வைத்த பாலைக் காலால் எத்திய தகப்பனின் காலை வெட்டிய சிறுவனின் தலையில் சிவன் பூமாலையைச் சுற்றுகிறார். இனி நானே உனக்குத் தந்தை என்று ஏற்றுக்கொள்ளும் நேரம் அது. வடிவமைப்பில் இதைவிடக் கச்சிதமான ஒருமையை நான் கண்டதில்லை. பெரிய உருவம் சிவன். கைகூப்பிக் கீழே இருக்கும் சிறிய உருவம் சண்டேசர். மாலையின் வளைவு இருவரையும் கட்டுகிறது. நம் கண் அந்தக் குனிந்த தலையில் போய் நிற்கிறது. பக்கத்தில் பார்வதி அமர்ந்திருக்கிறாள். அவள் கைக்கு அந்த மாலையில் வேலை இல்லை. ஒரு தகப்பன் போய் இன்னொரு தகப்பன் வரும் கதையில் பெற்ற தாய்க்கு மாடத்துக்குள் இடமே இல்லை. இத்தனையும் தெரிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் அதன் முன்னால் நான் நெடுநேரம் நிற்கிறேன். அதன் அழகு பொய்யல்ல. அந்த அழகு யாரை ஓரத்தில் அமர்த்திக்கொண்டு கிடைத்தது என்று கேட்பதால் அது குறைந்துவிடப் போவதும் இல்லை.

ஓவியத்துக்கு வருவோம். ரவி வர்மா 1889 வாக்கில் வரைந்த 'கேலக்ஸி ஆஃப் மியூசிஷியன்ஸ்' மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. கேரளப் பெண், மராட்டியப் பெண், முஸ்லிம் பெண் என்று பல பகுதிகளைச் சேர்ந்த 11 பெண்கள் அவரவர் உடையில், வாத்தியங்களோடு ஒரே அறையில் கூடியிருக்கிறார்கள். பலவாக இருக்கும் ஒரு நாட்டை ஒன்றாகக் காட்ட ஓவியருக்குப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. ஒரே மஞ்சள் ஒளியும் துணிகளின் பளபளப்பும் அவர்களைச் சேர்த்துவைக்கின்றன. ஆனால் அச்சுப்படத்தை எத்தனை முறை பார்த்தாலும் ஒருத்தி இன்னொருத்தியின் பாட்டைக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆளுக்கொரு திசையில் பார்வை. இவர்களை ஒன்றாக்குவது அவர்களுக்குள் இருக்கும் எதுவும் அல்ல. வெளியில் நின்று பார்க்கும் கண்தான். தலைவன் இந்தப் படத்துக்குள் இல்லை, எதிரே நிற்கிறான்.

இந்த இரண்டையும் பார்த்துப் பழகிய பிறகு அம்மாவின் கோலத்துக்குத் திரும்பினால், அன்றைக்கு நடுவர் எதைத் தேடிக் காணாமல் போனார் என்பது புரிகிறது. 25 புள்ளிகளில் நடுப்புள்ளி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மற்ற 24ஐயும் போல ஒரு புள்ளி. அதைச் சுற்றும் கம்பி அதற்கென்று தடிப்பதில்லை. ஓரத்துப் புள்ளியைச் சுற்ற மறந்தால் நடுப்புள்ளியை விட்டதற்குச் சமமான பிழை; கோலம் மூடாது. கண் ஓரிடத்தில் நிற்காமல் கோட்டோடு போய்க்கொண்டே இருக்கிறது. வாசல் பெரிதாக இருந்தால் புள்ளியைக் கூட்டி அதே விதியில் வளர்த்துக்கொண்டே போகலாம். இங்கே ஒருமையைத் தருவது பொதுவான ஒரு விதி. எல்லாப் புள்ளிக்கும் அதே விதி.

இதை அறிவுத்துறையில் முதலில் கவனித்தவர்கள் ஓவிய விமர்சகர்கள் அல்லர். 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் சேர்ந்து கோலத்தைப் பற்றிக் கணினி வரைகலை ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்கள். மூவரில் இருவர் பெண்கள். ஒரு சிறு வடிவையும் சில விதிகளையும் வைத்துக்கொண்டு எத்தனை பெரிய கோலத்தையும் எப்படி உருவாக்கலாம் என்று மொழியின் இலக்கணத்தைப் போல எழுதிக் காட்டினார்கள். வாசலில் குனிந்திருந்த பெண்ணின் கையில் ஒரு இலக்கணம் இருக்கிறது என்பதைக் கணிதம் ஏற்றுக்கொண்டது. நம் ஓவியப் பாடமோ அதை இன்னும் 'கைவேலை' என்ற பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறது.

கோலத்தைப் புகழ்ந்துவிட்டு இங்கேயே நிறுத்தினால் அதுவும் ஏமாற்றுதான். கோலம் கலை மட்டுமல்ல, கடமையும்கூட. விடியுமுன் எழுந்து சாணம் தெளித்துப் போட வேண்டியவள் யார் என்பதில் எந்த வீட்டிலும் குழப்பம் இல்லை. மாதவிலக்கு நாளில் மாவுக் கிண்ணத்தைத் தொடக்கூடாது என்றிருந்த வீடுகளில் நான் வளர்ந்தேன். கணவன் இறந்த பிறகு எங்கள் பெரியம்மா விசேஷ நாட்களில் வாசலில் கோலம் போட்டதில்லை. யாரும் தடுத்ததாகவும் நினைவில்லை, தானாகவே விலகிக்கொண்டார். எல்லாப் புள்ளிகளையும் அணைத்துச் செல்லும் அந்தக் கோட்டுக்கு வெளியே போட்டவர்களே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். ஆகவே கோலம் ஒரு சமத்துவச் சமூகத்தின் படம் என்று நான் சொல்லவில்லை. சமமில்லாத வீட்டின் வாசலில், தலைமை இல்லாமலும் ஒன்றாக இருக்க முடியும் என்பதைப் பெண்களின் கைகள் நாள்தோறும் வரைந்து பார்த்திருக்கின்றன என்கிறேன். பத்து மணிக்குள் அதன்மேல் வண்டி ஏறிவிடும். அரியலூர்ப் பக்கமென்றால் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியும் சேர்ந்து மூடிவிடும். மறுநாள் காலை இன்னொன்று.

அம்மா பிறந்தது ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமம். வாழ வந்தது பெரம்பலூர். அன்று இரண்டும் திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, மறு ஆண்டே மீண்டும் சேர்ந்தது, 2007இல் திரும்பவும் பிரிந்தது. இத்தனை சேர்தலும் பிரிதலும் அம்மாவின் கோல நோட்டில் எந்தத் தடமும் விடவில்லை. நாற்பது பக்க நோட்டு அது. பிறந்த ஊர்க் கோலங்களும் வந்த ஊர்க் கோலங்களும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் 'அத்தை போட்டது', 'கீழத்தெரு அக்கா, இடைப்புள்ளி 15–8' என்று கற்றுக்கொடுத்தவரைக் குறித்திருக்கிறார். தன் பெயரை எங்கும் எழுதவில்லை. இதைப் பெண்ணின் அடக்கம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. எழுதியிருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் எந்தக் கலை வரலாற்றுப் புத்தகத்திலும் ஒரு படம் யார் யாரிடமிருந்து வந்தது என்பதை இவ்வளவு நேர்மையாகக் குறித்து நான் பார்த்ததில்லை.

பரிசு கிடைக்காமல் போன அன்று நடுவர் சொன்னதை வந்து சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நடுவுல என்னதான்டி வேணுமாம் அவருக்கு?" என்று கேட்டார். அப்போது பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அடுத்த முறை ஒரு படத்தின் முன்னால் நின்று 'எவ்வளவு கச்சிதம்' என்று வியக்கும்போது, அந்தக் கச்சிதத்துக்காக யார் சிறுத்திருக்கிறார்கள், யார் ஓரத்தில் சும்மா அமர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து அதே கேள்வியைக் கேளுங்கள்.