துணுக்கு என்ன பாவம் செய்தது?

தமிழ் வாசிப்பைக் கெடுத்தது துணுக்குதான் என்று இப்போது மேடைக்கு மேடை சொல்கிறார்கள். விடிந்ததும் கைபேசியில் வந்து விழும் ‘தினம் ஒரு சொல்’, ‘வரலாற்றில் இன்று’, ‘உங்களுக்குத் தெரியுமா’ வகையறாக்களைக் காட்டி, நூறு பக்கம் எழுதினால் ஆய்வு, ஐந்து வரி எழுதினால் அரட்டை என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். தாமிரபரணிக் கரைக்காரர்கள் எழுதியதைக் கொஞ்சம் புரட்டியவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒட்டாது.

பழைய கதையை விரைவாகவே கடந்துவிடலாம். நெல்லைச் சீமையிலும் இருந்து தமிழ் கற்ற வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) எல்லோருக்கும் தெரியும். இடையன்குடி கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம், பாதிக்குமேல் நல்ல துணுக்குகளின் களஞ்சியம். முன்னீர்பள்ளம் பூரணலிங்கம் பிள்ளையும் பரிதிமாற் கலைஞரும் 1897இல் ஞானபோதினி இதழைத் தொடங்கினார்கள். பெருங்குளம் மாதவையா தம் கடைசிக் காலத்தில் நடத்திய பத்திரிகைக்குப் பஞ்சாமிர்தம் என்றே பெயர் வைத்தார்.

அதே பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ.நா. அப்புசாமியை மட்டும் அப்படிக் கடக்க மனம் வரவில்லை. தொழில் வக்கீல், எழுதியதெல்லாம் அறிவியல். 1917இல் தமிழர் நேசன் இதழில் தொடங்கி, 1986இல் மறையும் வரை அந்த வேலையை அவர் விடவில்லை. மின்சாரத்தையும் வானொலியையும் பள்ளிக்கூடம் போகாத ஆளுக்கும் விளங்கும்படி எழுதினார். இன்றைய பொது அறிவுத் துணுக்கு ஆச்சரியக்குறியோடு நின்றுவிடுகிறது. அப்புசாமி ‘எப்படி?’ என்று கேட்டு அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். நாவல், சிறுகதை என்று பட்டியல் போடும் நம் இலக்கிய வரலாறுகளில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான்.

இனி என் வழக்கு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையின் தலைமை நாற்காலியில் இரண்டு நெல்லைக்காரர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். முன்னவர் சிக்கநரசையன்பேட்டை வையாபுரிப் பிள்ளை, அடுத்தவர் இராசவல்லிபுரம் ரா.பி. சேதுப்பிள்ளை. இருவருமே சொல்லை நேசித்த வக்கீல்கள். சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’ 1955இல் தமிழுக்குக் கிடைத்த முதல் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. ‘ஊரும் பேரும்’ இன்றும் ஊர்ப்பெயர்த் துணுக்கு எழுதுகிறவர்கள் பாதி பேருக்கு மூலதனம். உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தேன் குழைத்த நடை, படிக்கிறவரை நல்ல ரசிகராக்குமே தவிர, எதிர்க்கேள்வி கேட்கிறவராக ஆக்காது. எதுகையில் மயங்கி, சான்று எங்கே என்று கேட்க மறந்துபோகிறோம்.

வையாபுரிப் பிள்ளை நேர் எதிர். 1926இல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகி, 1936இல் ஆறு தொகுதிகளை முடித்துக் கொடுத்தார். அவர் இலக்கியங்களுக்குச் சொன்ன காலக்கணிப்புக்காக இன்றுவரை வசை வாங்குகிறார். அதில் சண்டை போட இடமிருக்கிறது, போடட்டும். ஆனால் அந்தப் பேரகராதியின் ஒரு பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். சொல், பொருள், எந்த நூலில் எந்த இடம். நூலில் இல்லாத பேச்சுச் சொல்லா, அது எந்த வட்டாரத்தில் வழங்குகிறது என்று ஒரு சுருக்கக்குறி. யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, நாஞ்சில் நாட்டுக்கு ஒன்று, திருநெல்வேலிக்கு ஒன்று. எல்லாம் மூன்று நான்கு வரிக்குள். தமிழில் எழுதப்பட்டதிலேயே நேர்மையான துணுக்குகள் அவைதான்.

அந்த இடக்குறி இல்லாமல் என்ன ஆகும் என்பதற்கு ‘கார்’ ஒன்று போதும். கருமேகம் சூழும் மழைக்காலத்தில் பயிராவதால் கார் நெல் என்று அடிக்கடி ஒரு துணுக்கு சுற்றுகிறது. பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் கார் நடவு நடக்கும் ஆனி மாதத்தில் வயலுக்கு மேல் வெயில் கொளுத்தும். மழை பெய்வது மேற்கே பொதிகையில். இங்கே வருவது ஆற்றுத் தண்ணீர். ஊர் மழை வருவது ஐப்பசியில், அது அடுத்த போகமான பிசானத்துக்கு. கார் அறுப்போ ஆவணி, புரட்டாசியில், இலக்கணம் கார்காலம் என்று சொல்லும் அதே மாதங்களில். பெயர் நடவைப் பார்த்து வந்ததா, அறுப்பைப் பார்த்து வந்ததா என்று கேட்டிருந்தால் அது துணுக்கு. ‘நெல்லுக்கு வேலியிட்டதால் நெல்வேலி’யும் இப்படித்தான். சம்பந்தர் காலத்திலேயே ஊருக்கு அந்தப் பெயர் உண்டு. கதையால் பெயரா, பெயரால் கதையா என்று ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

வையாபுரியார் நூலில் தேடினார் என்றால், அடுத்து வந்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். நா. வானமாமலை 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கி, பாடலையும் கதையையும் சேகரித்தவர்களுக்கு இடம் கொடுத்தார். ஆற்றுப் பாசனத்துக்கு வடக்கே, கரிசலில், கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குக்குத் தனி அகராதியே போட்டார். பிறகு பாளையங்கோட்டை தொ. பரமசிவன். ‘அறியப்படாத தமிழகம்’ (1997) உப்பு, தாலி, பல்லாங்குழி என்று இரண்டு மூன்று பக்கக் குறிப்புகளாலேயே ஆனது. அடிக்குறிப்பு விஷயத்தில் தொ.ப. கொஞ்சம் தாராளக்காரர்தான், சில இடங்களில் சான்றை விட்டு ஒரு தாவல் தாவுவார். ஆனாலும் சமையலறையிலும் திண்ணையிலும் கிடந்ததை வரலாற்றுச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றியவர் அவர். அந்தக் குறிப்புகளை ஊதிப் பெருக்கி ஐந்நூறு பக்கமாக்கியிருந்தால் யார் படித்திருப்பார்கள்?

ஆக, துணுக்கை ஒழிக்க வேண்டியதில்லை. ‘உலகின் முதல் சொல் தமிழ்ச் சொல்லே’ ரகத்தைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்துவிட்டு, ஆற்றோரத்து வாயில் இன்னும் புழங்குவதை ஊர்க்குறியோடு எழுதலாம். இதற்குக் கருத்தரங்கு, பொன்னாடை எதுவும் வேண்டாம். கன்னடியன் கால்வாய்க்காரரும் மருதூர் மேலக்கால்காரரும் ஒரே மதகு வேலைக்கு ஒரே பெயர்தான் சொல்கிறார்களா என்று கேட்டு எழுத ஆரம்பித்தாலே பத்து வருஷத்துக்குத் துணுக்குப் பஞ்சம் வராது.