பூக்குழித் தட்டியும் தீமிதிப்பு அறிவித்தலும்

பங்குனி மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மன் பூக்குழித் திருவிழா நெருங்கும்போது, வத்திராயிருப்பிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் எழும்பும் ஃபிளெக்ஸ் தட்டிகளில், அம்மனின் திருநாமமும் அன்பர்களின் பெயர்களும் பேதமின்றித் தீப்பற்றி எரிவதைக் காணலாம். இலங்கையின் கீழ்க்கரையில், கல்முனையை அடுத்த பாண்டிருப்பில், பாரதப் போரை நினைவுறுத்தி 18 நாட்கள் நடைபெறும் திரௌபதை அம்மன் உற்சவம் போன்றவற்றின் தீமிதிப்பு அறிவித்தல்களுக்கும் இத்தீயெழுத்து பொருத்தமான அலங்காரமே.

கருவி இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். எழுத்தைக் கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளில் ‘கர்வ்’ (வளைகோடு) ஆக்கி, அதன் மேல்விளிம்பிலுள்ள நோடுகளை (கணுக்களை) நாக்குகளாக இழுத்து, வெளியில் சிவப்பும் உள்ளே மஞ்சளும் வைத்து இரண்டையும் ‘பிளெண்ட்’ செய்வது சாமானிய முறை. ஆனால் கணிதக் கோடுகளால் ஆன இச்சித்திரத்துக்குக் கூரிய விளிம்பு உண்டு. ஜுவாலைக்கோ விளிம்பே கிடையாது. 1998இல் இல்லஸ்ட்ரேட்டர் என்னும் மற்றொரு மென்பொருளின் 8ஆம் பதிப்பில் வந்த, நிறங்களை ஒன்றினுள் ஒன்றாகக் கரையவிடும் ‘மெஷ்’ வசதி இக்குறையை ஓரளவு போக்கிற்று. நிறங்களின் வரிசைக்கோ உண்மைச் சுடரே வழிகாட்டி. மெழுகுவத்திச் சுடரின் மஞ்சள் ஒளி, காய்ந்து ஒளிரும் நுண்ணிய கரித்துகள்களின் பிரகாசமே என்று மைக்கேல் பாரடே 1860ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் தொடங்கிய சொற்பொழிவுகளில் விளக்கினார். அதை உணர்ந்தவர், நடுவில் வெளிறிய மஞ்சளும், அதனைச் சூழ ஆரஞ்சும், அணையும் ஓரத்தில் மட்டும் சிவப்பும் வைப்பார்.

நம் பக்கத்துத் தீ தடித்த கோடும் தட்டையான வர்ணமுமாக இருப்பதற்குச் சிவகாசியின் சாமீப்யமே காரணம் என்பது என் அபிப்பிராயம். தீப்பெட்டி லேபிளையும் பட்டாசு உறையையும் லித்தோ என்னும் கல்லச்சில் அச்சிட்ட காலத்தில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஓர் அச்சு வேண்டியிருந்ததால், தீயும் சில தட்டை நிறங்களில் அடங்கவேண்டியதாயிற்று. கல்லச்சு மறைந்தும் கண் அதை மறக்கவில்லை. இலங்கையில் நிலை வேறு. அங்கே பெருவழக்கிலுள்ள பாமினி எழுத்துருவில் அமைந்த தமிழ், புத்தளம் மாவட்டத்து உடப்பு போன்ற சிங்களச் சூழலில் சிங்கள எழுத்துக்கும் அருகே நிற்கவேண்டி வரும். கீழ்வரியின் ஜுவாலை மேல்வரியைத் தீண்டாதிருக்க, தீயைக் குறுக்கியே வரைந்தாக வேண்டும். அக்கட்டாயம் எழுத்துக்கு நன்மையே செய்கிறது.

ஏனெனில் தமிழெழுத்தின் உயிர்நிலை அதன் உச்சியில் இருக்கிறது. ‘மாரியம்மன்’ என்பதில் நடு மகரத்தின்மேல் ஒரு புள்ளி, இறுதி னகரத்தின்மேல் ஒரு புள்ளி. நாக்குகளை நீள இழுத்து நிறத்தை ஊற்றும் அவசரத்தில் அவ்விரண்டும் ஜுவாலைக்குள் மறைந்தால், திருநாமம் ‘மாரியமமன’ என்று நிற்கும். எழுத்தின் கோடுகளைத் தனித்தனியே பிரிக்கும் ‘பிரேக் அப்பார்ட்’ செய்யும்போது சுழிகளின் உள்வெளி அடைந்து, ‘ன’வின் வயிறே கருங்கட்டியாகிவிடுவதும் உண்டு. ஆகையால் புள்ளியைத் தனியே எடுத்து, ஜுவாலைக்கு முன்னே, பொறியைப் போல் பிரகாசமாக வைப்பதே முறை.

யதார்த்தத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். பூக்குழியில் பக்தர் இறங்கும் வேளையில் ஓங்கிய ஜுவாலை இராது. விறகு எரிந்து தணிந்து, சாம்பல் படர்ந்த கங்கு மட்டுமே செம்மையாகக் கனன்றுகொண்டிருக்கும். அத்தணலின் ஒளி கீழிருந்து எழுவது. எழுத்தின் அடிப்பாகம் சிவந்து, மேற்பாகம் இருண்டு, புள்ளியும் சுழியும் குலையாமல் நிற்க அது இடந்தருகிறது. இரு கரைகளிலும் தட்டி வடிவமைக்கும் இளைஞர்கள், அடுத்த திருவிழாவுக்கு ஆயத்தத் தீப்படங்களைத் தேடுமுன், குழியருகே சற்று நின்று அக்கங்கைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வரைய வேண்டுகிறேன்.