மெட்டில்லாத கிட்டாரைக் கேட்பது எப்படி?

வீணையில் விரல் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்க 24 மெட்டுகள் உண்டு. கோட்டுவாத்தியத்தில் ஒன்றுகூடக் கிடையாது. பேஸ் கிட்டாரிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. மெட்டில்லாததை ஃப்ரெட்லெஸ் என்பார்கள். ("மெட்டே இல்லாட்டி அதுல என்னத்தப் பாட்டு வரும்?" என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.) ராஜபாளையத்தில் என் அலமாரிக்கு மேலே அப்படி ஒன்று ஆறு வருஷம் சும்மா கிடந்தது. போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தம்பி ஒருவருக்கு விற்றேன். விற்ற அன்றைக்குத்தான் அதை ஒழுங்காகக் கேட்டேன்.

முதலில் ஒன்று: பேஸை செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடித்தந்தி நொடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே எட்டாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'நினைவெல்லாம் நித்யா' (1982) பாடல்களைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டு, இளையராஜா பேஸுக்குக் கொடுத்திருக்கும் வேலையை மட்டும் பிடித்துக்கொண்டே போங்கள். காது கீழ்த்தளத்தில் நடக்கப் பழகும்.

அதன்பிறகு ஃப்ரெட்லெஸ் வாசித்த ஜாகோ பஸ்டோரியஸ். அவர் பெயரிலேயே 1976-ல் வந்த ஆல்பம். 1951-ல் ஃபெண்டர் கம்பெனி தன் முதல் பேஸுக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்ததே, மெட்டு இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதைச் சொல்லத்தான். ஜாகோவோ மெட்டு பிடுங்கிய ஃபெண்டர் ஜாஸ் பேஸில் பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியை விரல்பலகையில் பூசிக்கொண்டார்.

அதில் என்ன கிடைத்தது? மெட்டுள்ள கிட்டாரில் தந்தி உலோகத்தில் முட்டுவதால் சுரம் 'டக்'கென்று பிறக்கும். இங்கே தந்தியை நிறுத்துவது விரல் சதையும் மரமும். அதனால் மெத்தென்று பிறக்கிறது. அதிரும் தந்தி மரத்தை லேசாக உரச, பாதியில் சுரம் வாய் திறந்து 'ம்வா' என்று மலர்கிறது. ஒரே ஒரு நீண்ட சுரத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அந்த மலர்ச்சி பிடிபட்டுவிடும்.

இன்னொன்று, சுரத்தின் முதல் கணம். ஆடிப்பூரத் தேர் மூலை திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தெருவில் யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. சக்கரம் உருள உருளக் கட்டையைக் கொடுத்து, உருவி, மறுபடி கொடுத்து நேராக்குவார்கள். ஃப்ரெட்லெஸ் வாசிப்பவர் விரலுக்கும் அதே வேலைதான். மயிரிழை கீழே விழுந்த சுரம் அப்படியே உருண்டு இடம் சேரும்.

எனக்கு அது கைவரவில்லை. தந்தியின் நீளம் 34 அங்குலம். முதல் அரைச்சுரத்துக்குக் கிட்டத்தட்ட 2 அங்குலம் போக வேண்டும்; பன்னிரண்டாம் இடம் தாண்டினால் ஓர் அங்குலம்கூட இல்லை. தடுமாறி, கழுத்தின் ஓரத்தில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டிவைத்தேன். பொட்டைப் பார்த்தே வாசித்தேன். என் தப்பைத் தவிர எதுவும் காதில் விழவில்லை. கிட்டார் அலமாரி ஏறிய கதை இதுதான்.

தம்பி மார்கழி பஜனையில் பாடிப் பழகியவர். வந்ததும் கழுத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கி வளைவு பார்த்தார். விரல்பலகையை நகத்தால் தடவி, தந்தி அறுத்த தடம் தேடினார். (முறுக்குத் தந்தி மரத்தைத் தின்னும், நான் போட்டிருந்தது வழவழப்பான தட்டைத் தந்தி.) விலையே பேசவில்லை. செல்போனில் தம்பூராவை ஓடவிட்டு, கண்ணை மூடி, மோகனத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு மெல்ல ஏறினார்.

முதல் தடவையாக நான் அதன் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சமம் தம்பூராவோடு சேரும்வரை ஒரு அலை 'வ்வம் வ்வம்' என்று துடித்தது, சேர்ந்ததும் அடங்கிவிட்டது. அந்த அடக்கத்துக்குக் காத்திருந்து கேளுங்கள். நிறையச் சறுக்குகிறவரைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். இடம் தெரியாதவருக்கும் சறுக்கல் நல்ல மறைப்பு. எங்கே போய் நிற்கிறார் என்று பாருங்கள். தம்பி நின்ற இடத்தில் எனக்கு மூச்சு நின்றது.

விலையில் ஆயிரம் ரூபாய் நானாகவே குறைத்தேன். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியால் தந்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "இது எதுக்குண்ணே?" என்று பொட்டுகளைக் காட்டினார். சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக உரித்து அலமாரிக் கண்ணாடியில் ஒட்டினார். பன்னிரண்டாம் இடத்துப் பொட்டில் மட்டும் கை வைக்கவில்லை.

"இது இருக்கட்டும்ணே. மதினி பொட்டு."