குட்டி யானையின் முகபடாம்

டாட்டா நிறுவனம் 2005-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏஸ் வண்டிக்கு இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். ஏற்றக்கூடிய சுமை ஏறத்தாழ 750 கிலோ. தமிழ்நாட்டில் அதற்குக் ‘குட்டி யானை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதன் பிறகு அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற சற்றுப் பெரிய வண்டிகளும் வந்தன. ஷோரூமிலிருந்து வெளியே வரும்போது இவை எல்லாவற்றுக்கும் ஒரே முகம். ஸ்டிக்கர் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் போய்வந்த பிறகுதான் ஒவ்வொன்றும் இன்னாருடைய வண்டி என்று ஆகிறது.

இந்த அலங்காரத்தை வீண்செலவு என்று ஒதுக்குவது தவறு. இவ்வண்டிகளில் பலவற்றை உரிமையாளரே ஓட்டுகிறார்; மாதத் தவணையையும் அவரே கட்டுகிறார். முன்கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயர், கதவில் பிள்ளைகளின் பெயர், பின்கதவில் கைப்பேசி எண். காய்கறிச் சந்தையின் ஸ்டாண்டில் பத்து வண்டிகள் வரிசையாக நிற்கும்போது வாடிக்கையாளர் தனக்குத் தெரிந்த வண்டியைத் தேடிப்பிடிப்பது இந்த எழுத்துகளைப் பார்த்துத்தான். பின்கதவு எண்ணைப் பார்த்து வரும் வாடகையும் உண்டு. காசு செலவில்லாத விளம்பரம் அது. ஆயுத பூசையன்று இரு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனப்பொட்டு வைத்து நிறுத்தும்போது அந்த வண்டி வீட்டில் ஒருவராகவே ஆகிவிடுகிறது.

எழுத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எனாமல் பெயின்டில் தூரிகையால் எழுதிய பெயருக்கு நிழல் உண்டு, கொம்பின் வளைவில் எழுதியவரின் கை தெரியும். வெயிலில் மெல்ல மங்குமே தவிர உரிந்து தொங்காது. கணினியில் வெட்டிய வினைல் ஸ்டிக்கர் ஒரு மணி நேரத்தில் ஒட்டி முடியும், விலையும் குறைவு. ஆனால் ஊருக்கு ஊர் ஒரே எழுத்துரு. தனித்தன்மைக்காகச் செய்யும் அலங்காரம் மறுபடியும் வண்டிகளை ஒன்றுபோல ஆக்குகிறது. இது உண்மையான இழப்பு.

அழகும் பயனும் சேரும் வேலைகளும் இருக்கின்றன. தொட்டியின் தரையில் பதிக்கும் புள்ளித் தகடு மூட்டை இழுக்கும்போது தேயாது. தார்ப்பாய் கட்டும் குழாய்ச் சட்டம் மழைக்குக் காப்பு. முன்னே வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னே சிவப்பு என ஒட்டும் ஒளிதிருப்பும் பட்டைகள் இரவில் உயிரைக் காப்பவை. ஆனால் இரும்பு கூடினால் எடையும் கூடும். சட்டம், தகடு, முகப்பில் மாட்டும் இரும்புக் குழாய்க் கார்டு எல்லாம் சேர்ந்து நூறு கிலோ ஆகிவிட்டால், 750 கிலோ வண்டியில் சரக்குக்கு 650 கிலோதான் மிச்சம்.

கேடு தொடங்குவது முன்பக்க கார்டில். அது தன்னைக் காக்கும் என்று ஓட்டுநர் நம்புகிறார். இந்த வண்டியில் அவருடைய கால்களுக்கும் முகப்புத் தகட்டுக்கும் இடையே இருக்கும் இடமே குறைவு என்பதால் அந்த அச்சம் நியாயமானது. நடப்பது வேறு. நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டிய முகப்பு இருக்க, சேசிஸோடு போல்ட் போட்ட குழாய் மோதலின் வேகத்தை நேராக உள்ளே கடத்துகிறது. குறுக்கே வந்த மனிதர் மீது அதே குழாய் இரும்புத் தடியாக விழுகிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவ்வகைக் கார்டுகளைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது இதனால்தான்.

கண்ணாடியின் மேல்விளிம்பில் அகலமாக ஒட்டிய பட்டை சிக்னலை மறைக்கும். டாஷ்போர்டில் அடுக்கிய பிளாஸ்டிக் மாலை, வண்டியை ஒட்டி நிற்கும் குழந்தையை மறைக்கும். இவற்றைவிட மோசமானது பின்விளக்கின் மேல் ஒட்டும் கறுப்புத் தாள். பகலில் கம்பீரமாகத் தெரியும் அது, இரவில் பிரேக் போட்டதைப் பின்னால் வருபவருக்குக் காட்டாது. கூடுதல் எல்இடி விளக்குகளுக்காக வயரை வெட்டி ஒட்டுப்போடும் இடங்களில் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் வழி பிறக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ விதிக்கலாம். நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். ராணுவத்துக்குரிய ஆலிவ் பச்சையை மற்றவர்கள் அடிக்கவே கூடாது.

நடைமுறையில் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகுமுன் கார்டையும் கூடுதல் விளக்கையும் கழற்றி, சான்று வாங்கிய மறுநாள் திரும்ப மாட்டும் வழக்கம் இருக்கிறது. எது ஆபத்து என்பது மாட்டுபவருக்கும் தெரிந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. பெயரும், பதிவுச் சான்றில் ஏற்றிய வண்ணமும், பார்வையை மறைக்காத மாலையும் எஃப்.சி.யன்றும் வண்டியிலேயே இருக்கலாம்; அவற்றுக்குத் தடையில்லை. கழற்றிய கார்டும் உரித்த கறுப்புத் தாளும் பட்டறையிலேயே கிடக்கட்டும்.