யூத ஓவியர் தீட்டிய கெத்சமனி

மார்க் ராத்கோ என்றதும் பெரிய திரைச்சீலைகளில் மிதக்கும் வண்ண நீள்சதுரங்களே கலை ஆர்வலர் மனத்தில் எழும். அவற்றுக்கு முன்னரே, 1940-களில், அவர் நம் ஆண்டவரின் பாடுகளோடு போராடினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அக்காலப் படங்களுக்கு அவர் இட்ட பெயர்களைப் பாருங்கள்: சிலுவை, கெத்சமனி, அடக்கம்.

ராத்கோ கிறிஸ்தவர் அல்லர். 1903-இல் அன்றைய ரஷியப் பேரரசின் துவின்ஸ்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் எபிரேய மறைக்கல்வி பயின்றவர். 1913-இல் அமெரிக்கா சென்றவர். அப்படியாயின் சிலுவையை அவர் ஏன் நாடினார்? 1941, 1942-ஆம் ஆண்டுப் படங்களில் உடல் முழுமையாய் இல்லை. தலைகள் ஒரு தட்டில், கைகள் வேறொரு தட்டில், பாதங்கள் அடியில் எனப் பெட்டிபெட்டியாகப் பிரிந்து கிடக்கின்றன. ஐரோப்பாவில் அவர்தம் இனத்தார் கொன்று குவிக்கப்பட்ட ஆண்டுகள் அவை. சிலுவையில் தொங்கியவரும் யூதரே என்பதை மறந்து நூற்றாண்டுகளாய்ப் புனித வெள்ளி கொண்டாடிய நமக்கு, இப்படங்கள் உறுத்தலாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

1944-இன் 'கெத்சமனி' நமக்கு முழு நிறைவு தரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மண்டியிட்டு வேண்டும் இயேசு அதில் இல்லை. உறங்கும் சீடரும் இல்லை. உயிரினங்களை நினைவூட்டும் விந்தை வடிவங்களே உள்ளன. தலைப்பை நீக்கிவிட்டால் அது கிரேக்கப் புராணக் காட்சி எனினும் நம்பிவிடுவோம். வியாகுலத்தின் சுமையை ஓவியத்தைவிடப் பெயரே தாங்குகிறது.

'அடக்கம்' படங்கள் அப்படியல்ல. நிமிர்ந்து நிற்கும் உருவின் குறுக்கே கிடையாக ஓர் உடல். மகனை மடியில் ஏந்திய வியாகுலத் தாயை அறிந்த கண் அதனை உடனே இனங்கண்டுகொள்ளும். பின்னாளில் உருவங்கள் மறைந்து ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் வண்ணப் பட்டைகள் மட்டும் எஞ்சியபோது, அவற்றுள்ளும் இந்தக் கிடத்தலே தொடர்கிறது என்பர் சிலர். நாமும் அவ்வாறே எண்ணுகிறோம்; மெய்ப்பிக்க இயலாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதைக் கொண்டு ராத்கோவுக்கு நாம் திருமுழுக்குக் கொடுத்துவிடலாகாது. டி மெனில் என்னும் கத்தோலிக்கத் தம்பதியர் 1964-இல் அவரிடம் ஓர் ஆலயத்துக்கான ஓவியங்களைக் கேட்டனர். ஹூஸ்டனில் கத்தோலிக்க ஆலயமாய்த் திட்டமிடப்பட்ட அது, 1971-இல் எல்லாச் சமயத்தார்க்கும் உரியதாகத் திறக்கப்பட்டது. திறப்பைக் காண அவர் இல்லை. முந்தைய ஆண்டே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அங்குள்ள ஓவியங்கள் பதினான்கு. சிலுவைப்பாதையின் நிலைகளும் பதினான்குதானே என்று நம் உள்ளம் தாவுகிறது. அந்த இருண்ட திரைகளிலோ நிலைகளின் எண்களும் இல்லை. ஒரு முகமும் இல்லை.