கரம்பையும் சாக்கடையும்

சோ. தர்மனின் 'சூல்' நாவலை இரண்டாம் தடவையாக வாசித்து முடித்தேன். 2016-ல் வெளிவந்து, 2019-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற புத்தகம். பரிசு வாங்கிய நாவலில் குறை சொன்னால் பொறாமை என்பார்கள். சொல்லட்டும்.

இந்த நாவலுக்குக் கதாநாயகன் மனிதனல்ல, உருளைக்குடிக் கண்மாய்தான். எட்டயபுரம் அரண்மனைக் காலம் தொட்டுச் சுதந்திரத்துக்குப் பின்வரை அது நிறைந்ததும் அழிந்ததுமே கதை. நிறைந்த கண்மாயைச் சூல்கொண்ட பெண்ணாகப் பார்ப்பது கரிசல்காட்டுக் கண். திருவேங்கடத்துக்காரனான எனக்கு அது புதிதல்ல. எங்கள் பக்கத்திலும் கண்மாய் பெருகினால்தான் கல்யாணம் காட்சி எல்லாம்.

கோடையில் வண்டி கட்டிக் கரம்பை அடிக்கிற வேலை நாவலில் உயிரோடு வந்திருக்கிறது. வாசகன் அதை ஊர் ஒற்றுமை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மழை நிலத்திலிருந்து அரித்து வந்த சத்தெல்லாம் கண்மாயின் அடியில் படியும். கரம்பையாக அது மறுபடி நிலத்துக்கே போகும். புஞ்சைக்கு உரம், தண்ணீருக்குச் சுத்தம். வண்டிகள் நின்றன, சத்து கண்மாயிலேயே தங்கிப் போயிற்று. அதன் மேல் யூரியாவும் சாக்கடையும் சோப்பு நுரையும் வந்து சேர்ந்தால் பாசி படராமல் என்ன செய்யும்? பகலில் பிராணவாயுவை வெளியிடும் பாசி, இரவில் தானே அதை இழுத்துக்கொள்ளும். செத்து அழுகும்போது இன்னும் அதிகம் இழுக்கும். விடியற்காலையில் மீன் செத்து மிதக்க யாரும் விஷம் வைக்க வேண்டியதில்லை. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டைக்கு மட்டும் கெட்ட தண்ணீரும் ஒன்றுதான், நல்ல தண்ணீரும் ஒன்றுதான்.

என் சண்டை நாவலின் பின்பகுதியோடு. அழிவின் பழி அங்கே பெரும்பாலும் புதிய ஆட்சியின் தலையில் விழுகிறது. பழைய ஒழுங்கு அவ்வளவு பத்திரமாகவா இருந்தது? குடிமராமத்து வேலைக்கு ஆள் வரவேண்டும் என்பதற்காக 1858-லேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். தானாக நடக்கிற காரியத்துக்குச் சட்டம் எதற்கு? சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் வந்தது. அங்கே மரத்தின் சாவில் ஊரிலே பலருக்கும் பங்கு உண்டு. அந்தத் தயவுதாட்சண்யமில்லாத பார்வை 'சூலி'ல் கொஞ்சம் மங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் பக்கத்துக் கண்மாயைக் கெடுக்கச் சர்க்கார் தனியாக ஆள் அனுப்பவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் வீடு கட்டியபோது, கழிவுத் தண்ணீரை எங்கே விடுவது என்று கொத்தனார் கேட்டார். நான் ஓடையைக் கை காட்டினேன். அந்த ஓடை எங்கே போய் விழுகிறது என்பது எனக்குத் தெரியும். அங்கேதான் சிறுவயதில் குனிந்து இரு கையாலும் அள்ளிக் குடித்தேன். கை காட்டும்போது கூச்சம்கூட இல்லை.

அந்த மனிதனை இந்த நாவலில் தேடினேன். அகப்படவில்லை. தர்மன் அவனை அறியாதவரல்ல. கண்மாயின் மேல் கொண்ட பாசத்தில் ஊர்க்காரனை மன்னித்துவிட்டார்.

ஆனாலும் புத்தகத்தை வீட்டில் எல்லோரிடமும் கொடுத்திருக்கிறேன். மகள் பாதி படித்துவிட்டு, "நம்ம குழாய் எங்கப்பா போகுது?" என்று கேட்டாள். உறிஞ்சுகுழி வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.